சேராங்கொட்டைக் குறி

போன செவ்வாய் இரவு சாப்பிட உட்கார்ந்தபோது போன். தாராவி 90 அடி சாலையிலிருந்து எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பையன்.

"அண்ணே, 1.4.0 டேக் போட்டாச்சு. என் மிஷின்ல காட்டுது, சர்வர்ல இல்லவே இல்ல."

"புஷ் பண்ணியா?"

"ரெண்டு தடவை பண்ணேண்ணே."

வாடிக்கையாளருக்குப் போகும் மென்பொருள் எந்த நிலையில் போனது என்பதற்கு வைக்கும் அடையாளம்தான் டேக். கோடின் மாற்றங்களைக் கமிட் கமிட்டாகப் பதிந்து வைக்க 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கிட்டில், வெறும் புஷ் கொடுத்தால் கோடு சர்வருக்குப் போகும், டேக் போகாது. பெயர் சொல்லித் தனியாக அனுப்ப வேண்டும். இல்லையென்றால் --டேக்ஸ் சேர்க்க வேண்டும்.

"அதையும் நம்ம டாக்குமென்ட்ல இருந்து காப்பி பண்ணித்தான் போட்டேன். அப்படி ஒரு ரெபோவே இல்லைங்குது."

அந்தக் குறிப்பை எழுதியவன் நான்தான். நான் எழுதப் பயன்படுத்திய மென்பொருள், டேக்ஸுக்கு முன்னால் இருந்த இரண்டு சின்னக் கோடுகளை ஒட்டி ஒரே கோடாக்கி வைத்திருந்தது. (கோட் என்பதும் தமிழில் கோடுதான், என்ன செய்ய.) நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கிட்டோ அதை ஏதோ ரெபோவின், அதாவது கோடு வைக்கும் கிடங்கின், பெயர் என்று நினைத்துத் தேடியிருக்கிறது. கையால் அடிக்கச் சொன்னேன், போய்விட்டது.

ரசம் சாதத்துக்கு வந்திருப்பேன், மறுபடி போன்.

"தப்பான கமிட்ல போட்டுட்டேண்ணே. டெஸ்டிங்காரங்க எடுத்துட்டாங்க. -எஃப் கொடுத்து நகர்த்திடவா?"

அவன் கேட்டதும் ஒரு பழைய சட்டை ஞாபகம் வந்தது. மாட்டுங்காவில் பாட்டி வீட்டுக்குச் சலவைத் துணி எடுக்க வருபவர் காலரின் உள்பக்கம் சேராங்கொட்டைச் சாற்றால் வீட்டுக்கு ஒரு குறி வைப்பார். துணி கிழிந்தாலும் குறி போகாது. ஒருமுறை எதிர்வீட்டுக் குறி எங்கள் சட்டையில் விழுந்துவிட்டது. அவர் அதைத் தேய்க்கவில்லை. பக்கத்திலேயே எங்கள் குறியை வைத்துக் கொடுத்தார்.

கிட் கையேட்டிலும் தப்பாகப் போட்ட டேக்குக்கென்றே ஒரு பகுதி உண்டு. டேக் வெளியே போகாதவரை -எஃப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். போய்விட்டதா, தவறை ஒப்புக்கொண்டு வேறு பெயர் வைக்கச் சொல்கிறது. சர்வரில் நகர்த்தினாலும், ஏற்கெனவே எடுத்தவர்களிடம் பழையதுதான் இருக்கும். கிட் அவர்களுக்குத் தெரியாமல் அதை மாற்றாது. ஒரே பெயரில் இரண்டு 1.4.0 உலவினால் யார் எதைச் சோதித்தார் என்று எவனுக்குத் தெரியும்?

"நகர்த்தாதே. 1.4.1-னு புது டேக் வை. குறிப்பு எழுதுற மாதிரி -ஏ போட்டு, காரணத்தையும் எழுதிடு" என்றேன்.

பத்தே கால் மணிக்கு 1.4.1 சர்வருக்கு வந்தது. 1.4.0 இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.