கோட்டு போட்டால்தான் பாட்டா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி டம்ளரோடு உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். 1984-ஆம் வருடம், பிளஸ் ஒன் இயற்பியல் வகுப்பு. கடைசி பெஞ்சில் ஒருவன் இரண்டு விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். பையைத் திறக்கச் சொன்னேன். உள்ளே ஒரு கேசட். 'டீப் பர்ப்பிள்' என்ற ஆங்கில ராக் குழுவின் 'மெஷின் ஹெட்'. "இந்த இரைச்சலைக் கேட்டா மூளை எப்படிடா வேலை செய்யும்?" என்று கேட்டுவிட்டு அதை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. கேசட்டைத் திருப்பிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. கொடுத்திருக்க மாட்டேன்.

போன மாதம் அவன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். (அவனுக்கே ஐம்பத்தேழு ஆகிறது. எனக்கு இன்னும் 'அவன்'தான்.) "சார், டைம் கெடச்சா கேளுங்க" என்று ஒரு வரி. 1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த கச்சேரி அது. ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரு ராக் குழுவும் சேர்ந்து வாசிக்கிறார்கள். மூன்று பகுதிகள். எழுதியவர் அந்தக் குழுவில் ஆர்கன் வாசித்த ஜான் லார்ட். நடத்தியவர் மால்கம் ஆர்னால்ட். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்துக்கு இசையமைத்து ஆஸ்கர் வாங்கினாரே, அவரேதான்.

அடையாறு டிராஃபிக் சத்தம் கேட்காதபடி ஜன்னலைச் சாத்திக்கொண்டு மூன்று மாலை கேட்டேன். மிகவும் பிடித்துவிட்டது. "இதுதானப்பா சங்கீதம்! நீ அந்தக் காலத்துல கேட்ட இரைச்சல் எங்கே, இது எங்கே!" என்று எழுதினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

"சார், நீங்க அன்னிக்குப் புடுங்கின கேசட்லயும் இதே அஞ்சு பேர்தான் சார்."

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அதே ஐந்து பேர், அதே கிதார், அதே டிரம்ஸ். பின்னால் கோட்டு போட்ட வயலின்காரர்கள் வரிசையாக வந்து உட்கார்ந்ததும் என் காது அதை சங்கீதம் என்று ஒத்துக்கொண்டுவிட்டது. அப்படியானால் நான் கேட்டது இசையையா, கோட்டையா?

நம் ஊரில் 'ஆர்க்கெஸ்ட்ரா' என்றால் கல்யாண ரிசப்ஷனில் பாடும் மெல்லிசைக் குழு. நான் சொல்வது அறுபது எண்பது பேர் நோட்டேஷனைப் பார்த்து வாசிக்கும் மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ரா. பழைய ராக் பாடல்களை இப்படிப்பட்ட ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதுவது பெரிய வியாபாரமாகவே நடக்கிறது. லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா 1970-களின் பிற்பகுதியிலேயே 'கிளாசிக் ராக்' என்று இசைத்தட்டுகள் போட ஆரம்பித்தது. 1977-இல் இறந்துபோன எல்விஸ் பிரெஸ்லியின் பழைய குரல் பதிவுகளோடு 2015-இல் ராயல் ஃபில்ஹார்மோனிக் வாசித்துச் சேர்த்த ஆல்பம் பிரிட்டனில் முதலிடத்தைப் பிடித்தது.

தேடித் தேடிக் கேட்டேன். எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்: இவற்றில் பல, பாட்டுக்கு மரியாதை வாங்கிக் கொடுப்பதற்காகச் செய்தவை. பாட்டுக்கு அது தேவையே இல்லை.

கொஞ்சம் இயற்பியல் பேச அனுமதி கொடுங்கள். ராக் கிதாரின் அந்தக் கரகரப்பு எப்படி வருகிறது? ஆம்ப்ளிஃபையர் தாங்கும் அளவுக்கு மேல் ஒலியை ஏற்றினால் அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட அலையில் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் மடங்குகளும் புதிதாக வந்து சேரும். மேற்சுரங்கள் என்று போர்டில் எழுதிப் போட்டேனே, அவைதான். நான் இரைச்சல் என்றது அந்த மேற்சுரங்களின் கூட்டத்தைத்தான். பாடம் நடத்திய எனக்கே அது தெரியவில்லை!

இப்போது கிதாரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பதினாறு வயலின் வையுங்கள். பதினாறு பேரின் சுருதியும் இம்மி இம்மி வித்தியாசப்படும். அதனால் ஒலி மழுங்கி, வழவழப்பாகி, இனிமையாகும். கிதார் கொடுத்ததற்கு நேர் எதிர். கோபமாக இருந்த பாட்டு பல் டாக்டர் கிளினிக்கில் ஒலிக்கும் பாட்டாகிவிடுகிறது.

நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். பீட்டில்ஸின் 'எலினார் ரிக்பி' 1966-இல் வந்தது. அதில் கிதாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ, அவ்வளவுதான். ஜார்ஜ் மார்ட்டின் எழுதிக் கொடுத்தார். மைக்கைக் கம்பிக்கு மிக அருகில் வைத்துப் பதிவு செய்தார்கள். வில் கம்பியை வெட்டுவது போலக் கேட்கும். அங்கே வயலின் பாட்டுக்குக் கோட்டு போடவில்லை. பாட்டின் எலும்பே அதுதான். ஜான் லார்டின் படைப்பிலும் முதல் பகுதியில் ஆர்க்கெஸ்ட்ராவும் குழுவும் சண்டைதான் போடுகின்றன. யாரும் யாருக்கும் சான்றிதழ் கொடுக்கவில்லை.

இதை நம் வீட்டுக் கதையாகவும் பாருங்கள். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. வாசித்தது யார் தெரியுமா? 1969-இல் டீப் பர்ப்பிளோடு மேடையேறிய அதே ராயல் ஃபில்ஹார்மோனிக். எனக்கும் பெருமையாக இருந்தது. ஆனால் நம் குடும்ப குரூப்பில் ஒருவர், "இப்பதான் அவர் உண்மையான இசையமைப்பாளர்" என்று எழுதினார். (யார் என்று சொல்ல மாட்டேன். பிறந்தநாள் வாழ்த்தை முதலில் அனுப்புபவர் அவர்தான்.)

அப்படியானால் 1976-இல் வந்த 'அன்னக்கிளி' என்ன? மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகத் தன் கையால் நோட்ஸ் எழுதிக் கொடுத்து, கோடம்பாக்கம் கலைஞர்களை வாசிக்க வைத்தாரே, அது என்ன? 'தளபதி'யின் 'ராக்கம்மா கையத் தட்டு' பாட்டை இன்னொரு முறை கேளுங்கள். ஆட்டம் போட வைக்கும் தாளம், நடுவே வயலின் கூட்டம், பிறகு அப்பர் தேவாரம். எதுவும் எதற்கும் மேலே உட்காரவில்லை. லண்டன் அவருக்கு இன்னொரு மேடை. தகுதித் தேர்வு அல்ல.

வேடிக்கை என்னவென்றால், இன்று மரியாதையின் அடையாளமாகிவிட்ட வயலினே நம் ஊருக்கு அந்நியமாக வந்ததுதான். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி அதை ஐரோப்பியரிடம் கற்றார் என்பார்கள். தீட்சிதர் அந்த வெள்ளைக்கார மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று குழந்தைகள் இன்றும் பாடுகிறார்கள். அவர் அதைக் கேட்டபோது இரைச்சல் என்று சொல்லி டிராயரில் பூட்டவில்லை.

"ஆர்க்கெஸ்ட்ரா வடிவம் வந்ததால்தானே உங்களைப் போன்றவர்கள் கேட்டீர்கள்?" என்று சிலர் கேட்கலாம். நியாயம்தான். ஒரு வாசல் அது. வாசிக்கிறவர்களுக்குப் பிழைப்பும் கூட. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே வீட்டைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள் என்கிறேன். வயலின் என்ன சேர்த்தது, எதை எடுத்துவிட்டது என்று கேளுங்கள். பிறகு மூலப் பாட்டையும் ஒரு முறை முழுதாகக் கேளுங்கள்.

உங்களில் பலர் இப்போது அப்பா, அம்மா. உங்கள் பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு எதையோ கேட்கிறார்கள். கானாவோ, ராப்போ, எனக்குப் பெயர் தெரியாத எதுவோ. அதைப் பிடுங்குவதற்கு முன்னால் ஒரு பாட்டு சேர்ந்து கேளுங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். இரைச்சல் என்று மட்டும் சொல்லாதீர்கள். நாற்பது வருடம் கழித்தும் அந்தச் சொல் அவர்களுக்கு நினைவிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வருகிறான். கேசட்டுக்கு நான் எங்கே போவேன்? பேத்தியிடம் சொல்லி 'மெஷின் ஹெட்' சி.டி. ஒன்று வரவழைத்திருக்கிறேன். வயலின் இல்லாமல் முதலிலிருந்து கடைசிவரை அவனோடு உட்கார்ந்து கேட்கப்போகிறேன். தாளம் போட்டால் போடட்டும்.