கணினிக்கும் மூச்சுத் திணறும்



கடந்த கோடையில் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். கல்லூரியில் இறுதியாண்டு பயின்றுகொண்டிருந்த எங்கள் மகளின் மேசைக் கணினி, வாங்கி ஆறு ஆண்டுகளே ஆன நிலையில், திடீரென்று முரண்டு பிடிக்கத் தொடங்கியது. இயக்கிய பத்து நிமிடங்களுக்குள் உள்ளிருக்கும் விசிறி பேரிரைச்சலிடும். எல்லாப் பணியும் நத்தையென ஊரும். பின்னர் எவ்வித எச்சரிக்கையுமின்றித் தானே அணைந்துவிடும். ஆய்வேட்டை ஒப்படைக்கவோ இரண்டே வாரங்கள் இருந்தன. பழுது பார்க்குமிடத்தில் காட்டினோம். "இதன் ஆயுள் முடிந்துவிட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள்" என்றனர். நாற்பதாயிரம் ரூபாய்க்கு நான் எங்கே போவேன்? கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டு விண்ணப்பம் எழுதி வைத்தேன்.

அந்த ஞாயிறன்று என் மைத்துனர் வந்திருந்தார். பேருந்துப் பணிமனையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். கணினியைப் பற்றி அதிகம் அறியாதவர். ஆனால் எந்திரங்களை அறிந்தவர். பெட்டியின் பின்புறம் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அத்தான், இதற்குள்ளே காற்றே போகவில்லையே! ரேடியேட்டர் அடைத்துக்கொண்ட வண்டி மலையேறுமா?" என்றார். பக்கத் தகட்டைக் கழற்றியபோது நாங்கள் கண்ட காட்சியை என்னென்பது! சாம்பல் நிறக் கம்பளி ஒன்றை உள்ளே திணித்து வைத்தாற்போன்று எங்கும் தூசு படிந்திருந்தது. அரைமணி நேரம் துப்புரவு செய்தோம். அன்று மாலை அணையாது இயங்கிய கணினி, இன்றளவும் இயங்கி வருகின்றது. ஆய்வேடு உரிய நாளில் சென்றது. கடன் விண்ணப்பம் குப்பைக் கூடைக்குச் சென்றது.

தூசுக்கு இத்துணை ஆற்றல் எப்படி வந்தது? நம் மக்கள் "சி.பி.யூ." என்று அழைக்கும் பெட்டியினுள்ளே, கணக்கிடும் பணியைச் செய்யும் செயலி என்னும் சில்லு உள்ளது. வீட்டுக் கணினிகள் பலவற்றில் இது 65 வாட் அளவுக்கு மின்சாரத்தை ஏற்று, அதனை முழுவதும் வெப்பமாக வெளியிடுகின்றது. பழைய 60 வாட் குண்டு பல்பைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டவர்கள், அந்த வெப்பம் ஒரு தபால் தலையினும் பெரிதல்லாத இடத்தில் திரண்டால் என்னாகும் என எண்ணிப் பாருங்கள். இவ்வெப்பத்தை வாங்கிக் காற்றில் கலக்கவே, சில்லின்மேல் மெல்லிய அலுமினியத் தகடுகளும், அவற்றின்மீது ஒரு விசிறியும் பொருத்தப்பட்டுள்ளன. தகடுகளின் இடுக்குகளைத் தூசு அடைத்துவிட்டால் விசிறி எவ்வளவு சுழன்றும் பயனில்லை. வெப்பம் 100 பாகை செல்சியஸை நெருங்குகையில், செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைக்கின்றது. அதனாலும் தணியாவிடில் கணினி அணைந்துவிடுகின்றது. நாம் பழுதெனக் கருதியது, உண்மையில் தற்காப்பேயாகும்.

இனி, துப்புரவு செய்யும் முறையைக் கூறுவேன். முதலில் கணினியை முறைப்படி அணைத்து, மின் இணைப்பையும் மற்ற எல்லா இணைப்புகளையும் கழற்றிவிடுங்கள், யு.பி.எஸ். இருப்பின் அதனின்றும் பிரித்தல் வேண்டும். பின்னர் இயக்கும் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தினால், எஞ்சிய மின்சாரம் பெரும்பாலும் வடிந்துவிடும். பெட்டியை மாடிக்கோ திண்ணைக்கோ எடுத்துச் சென்று, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். இளைப்பு நோய் உள்ளவர்கள் அருகில் இருத்தலாகாது. திருப்புளியால் பக்கத் தகட்டைக் கழற்றியவுடன், வண்ணம் பூசப்படாத உலோகப் பகுதி ஒன்றை விரலால் தொடுங்கள், இடையிடையேயும் தொடுங்கள். நம் உடலில் தேங்கும் நிலைமின்சாரத்தை நாம் உணர ஏறத்தாழ 3,000 வோல்ட் தேவை. நுண்சில்லுகளைக் கெடுக்கவோ சில நூறு வோல்ட்டே போதும்.

மென்மையான, உலர்ந்த முடித் தூரிகையால் தூசை இளக்கி, கைப் பம்பாலோ அழுத்தக் காற்றுக் குப்பியாலோ வெளியே ஊதுங்கள். குப்பியை நிமிர்த்தியே பிடித்தல் வேண்டும். சாய்த்தால் குளிர்ந்த திரவம் பீறிடும். கடைகளில் பயன்படுத்தும் மின் ஊதியாயின் சற்றுத் தொலைவில் வைத்து ஊதுங்கள். எதைக்கொண்டு ஊதினாலும், விசிறியை ஒரு விரலால் அசையாது பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது கட்டுக்கடங்காது சுழன்றால் அதன் அச்சு கெடும். தானே மின்சாரத்தை உண்டாக்கிச் சுற்றமைப்பையும் தாக்கக்கூடும். விசிறிக்கு அடியிலுள்ள தகடுகளின் இடுக்குகளை மறவாதீர்கள். எங்கள் வீட்டுக் கணினியின் குறை முழுவதும் அங்கேதான் ஒளிந்திருந்தது.

செய்யத் தகாதவையும் சில உண்டு. ஈரத்துணியால் உட்பகுதியைத் துடைத்தலாகாது. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். வாக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் முனை நிலைமின்சாரத்தை உண்டாக்கும். ஆகவே அதனை உள்ளே நுழைக்க வேண்டா. எல்லாவற்றினும் முதன்மையாக, மின்கம்பி வந்து சேரும் 'பவர் சப்ளை' பெட்டியை ஒருபோதும் திறவாதீர்கள். இணைப்பைத் துண்டித்த பின்னரும் அதனுள் உயிருக்கு ஊறு விளைவிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். அதன் துளைகள் வழியே வெளியிலிருந்து ஊதினாலே போதும்.

இத்தனையும் செய்த பின்னரும் கணினி அணையுமாயின், செயலிக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள பசை உலர்ந்திருக்கலாம், விசிறியே தேய்ந்திருக்கலாம். அப்போது கைதேர்ந்தவரை நாடுங்கள். எல்லாக் குறையும் தூசினால் வருவதன்று. ஆயினும் செலவில்லாத சோதனையை முதலில் செய்வதன்றோ அறிவுடைமை?

பெட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு சிறு பலகையின்மேல், சுவரினின்று ஒரு சாண் தள்ளி வையுங்கள். அழகுக்காகப் பூவேலை செய்த உறையைப் போர்த்தும் இல்லத்தரசிகள், கணினி இயங்கும் வேளையிலேனும் அதனை எடுத்துவிட வேண்டுகிறேன். ஆண்டுக்கு இருமுறையும், தெருப்புழுதி மிகுந்த வீடுகளில் அதனினும் அடிக்கடியும் துப்புரவு செய்யுங்கள். பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளை எறியுமுன் திறந்து பார்க்கவேண்டும் என்பதை அவர்கள் உங்கள் கைகளைக் கண்டே கற்றுக்கொள்வார்கள். எங்கள் மகள் இப்போது, கேட்காமலே திருப்புளியை எடுத்துக்கொண்டு மாடிக்குச் செல்கின்றாள்.