விளக்கை அணைத்துவிட்டு நடத்தும் வணிகம்

மார்ச் மாதம் வந்தாலே ஒரு படம் மீண்டும் சுற்றத் தொடங்கிவிடுகிறது. முகமெங்கும் இரத்தம் வழியும் ஒரு பெண். 2021 மார்ச் 17 அன்று, ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில், ஏஇடபிள்யூ நிறுவனத்தின் 'டைனமைட்' நிகழ்ச்சியின் இறுதி ஆட்டத்தில் தண்டர் ரோசாவிடம் தோற்ற பிரிட் பேக்கர்தான் அவர். படத்தின் கீழே எழுதப்படும் வாசகம் ஏறக்குறைய ஒன்றேதான்: ஆணுக்கு நிகராகப் பெண்ணும் இரத்தம் சிந்திய நாள், பெண்கள் மல்யுத்தம் விடுதலை பெற்ற நாள்.

இந்த வாசகத்தை நான் மறுக்கிறேன். ஆட்டத்தை அல்ல. அது மிக நல்ல ஆட்டம். ஏணி, மடக்கு நாற்காலி, மேசை, தரையில் கொட்டிய போர்டு பின்கள் என்று ஹார்ட்கோர் வகைக்குரிய எல்லாக் கருவிகளும் அதில் இருந்தன. ஆனால் அவற்றைக் கோத்த கதையும் இருந்தது. அடி எங்கே விழ வேண்டும், எங்கே பேரமைதி நிலவ வேண்டும் என்பதை இருவரும் அறிந்திருந்தனர். "எல்லாம் நாடகந்தானே" என்று உதட்டைப் பிதுக்குவோருக்கு நான் மறுமொழி எழுதப் போவதில்லை. கூத்தும் நாடகந்தான். முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டது என்பதால் முதுகில் ஏறிய பின் பொய்யாகிவிடாது. பெண் இரத்தம் சிந்துவது பண்பாட்டுக்கு இழுக்கு என்று புலம்புவோரையும் விட்டுவிடுகிறேன். அவர்கள் ஆண்களின் இரத்தத்தை முப்பது ஆண்டுகளாகக் குடும்பத்தோடு அமர்ந்து பார்த்தவர்கள். சீட்டுக்கட்டு வாங்கிச் சேர்த்தவர்கள்.

என் சண்டை கொண்டாடுவோரோடுதான்.

முதலில் வரலாறு. 1996 மே 5 அன்று ஜப்பானின் கவாசாகி விளையாட்டரங்கில் மெகுமி குடோவும் காம்பாட் டொயோடாவும் மோதினர். எஃப்எம்டபிள்யூ நிறுவனம் நடத்திய அந்த ஆட்டத்தில் மேடையைச் சுற்றிக் கயிறு இல்லை. கயிற்றுக்குப் பதில் முள்கம்பி. உடல் பட்டால் வெடிக்கும் மருந்து அந்தக் கம்பியில் பிணைக்கப்பட்டிருந்தது. அது டொயோடாவின் விடைபெறும் ஆட்டம். ஆல் ஜப்பான் பெண்கள் மல்யுத்த நிறுவனத்தின் பயிற்சிக்கூடத்தில் ஒன்றாகத் தொடங்கிய இருவரில் ஒருத்தி மற்றொருத்தியை வெடிக்கும் முள்கம்பியின் நடுவே வழியனுப்பி வைத்தாள். இன்றும் அதைப் பார்ப்பவர்களுக்குத் தொண்டை அடைக்கும். ஜாக்சன்வில்லுக்குக் கால் நூற்றாண்டு முன்பு நடந்தது இது. அதற்கும் முன்னதாக, 1985இல் ஒசாகாவில் சிகுசா நாகயோவும் டம்ப் மாட்சுமோட்டோவும் தலைமுடியைப் பணயம் வைத்து மோதியபோது, அரங்கு நிறைய இருந்த பள்ளிச் சிறுமிகள் நாகயோவின் நெற்றி இரத்தத்தைக் கண்டு வாய்விட்டு அழுதார்கள்.

இரத்தமே விடுதலை என்றால் ஜப்பானியப் பெண் மல்யுத்த வீராங்கனைகள் 1985இலேயே விடுதலை பெற்றிருக்க வேண்டும். நடந்தது என்ன? அதே ஆல் ஜப்பான் நிறுவனம் தன் வீராங்கனைகளுக்கு மது கூடாது, புகை கூடாது, ஆண் துணை கூடாது என்று விதி வைத்திருந்தது. இருபத்தைந்து வயதை ஒட்டி ஓய்வு பெற்றுவிட வேண்டும் என்பது அங்கே நிலவிய வழக்கம். உடல் முழு வலிமை பெற்று, கலை கைவந்து, இரசிகர் கூட்டமும் சேர்ந்திருக்கும் வயதில் வீட்டுக்குப் போ என்றார்கள். நிறுவனத்தை நடத்திய மாட்சுனாகா சகோதரர்களுக்கு அப்படி ஒரு வயது வரம்பு இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. சிந்திய இரத்தம் அந்த விதியை ஒரு நாளும் அசைக்கவில்லை.

ஜாக்சன்வில் ஆட்டத்திற்குத் திரும்புவோம். அதன் விதிப்பெயரை யாரும் நின்று படிப்பதில்லை. 'அன்சேங்ஷண்டு லைட்ஸ் அவுட்' என்பது அதன் பெயர். நிறுவனத்தின் ஒப்புதல் பெறாத ஆட்டம் என்று பொருள். நிகழ்ச்சி முடிந்துவிட்டதாக அறிவிப்பார்கள்; விளக்குகள் அணைந்து மீண்டும் எரியும். அதன்பின் நடப்பதற்கு நிறுவனம் பொறுப்பல்ல. வெற்றி தோல்வி கணக்கில் ஏறாது. கதைக்குள் இது சுவையான உத்தி, ஐயமில்லை. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். வென்ற ரோசாவின் வெற்றி ஏட்டில் ஏறவில்லை. தோற்ற பேக்கர் அதே ஆண்டு மே மாதம் ஹிகாரு ஷிடாவை வென்று பட்டம் சூடினார். திஹுவானாவில் பிறந்து, பெர்க்லியில் சமூகவியல் பயின்ற ரோசா அந்தப் பட்டத்தைப் பெற ஓராண்டு காத்திருந்து, 2022 மார்ச் 16 அன்று சான் அன்டோனியோவில் இரும்புக் கூண்டுக்குள் மீண்டும் பேக்கரோடு மோத வேண்டியிருந்தது. அன்றிரவின் நினைவாக எஞ்சியது, வென்றவளின் கை உயர்ந்த காட்சி அல்ல. இரத்தம் வழிந்த முகம். சந்தை எதை விலைக்கு எடுத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

"நிறுவனம் பொறுப்பல்ல" என்ற அந்தக் கற்பனை விதிதான் அந்தத் தொழிலின் மெய்யான விதி. அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்தில் பெரும்பாலோர் சட்டப்படி ஊழியர் அல்லர், சுதந்திர ஒப்பந்தக்காரர்கள். எந்த நகரில் ஆடுவது, எவரிடம் தோற்பது, என்ன உடுத்துவது, எந்தப் பெயரில் அறியப்படுவது, வேறு எங்கே ஆடக்கூடாது என அனைத்தையும் நிறுவனமே முடிவு செய்யும். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் என்று வரும்போது மட்டும் அவர்கள் சுதந்திரமானவர்கள்! அலுவலகப் பொறுப்பும் வகிக்கும் சிலர் விதிவிலக்கு. மேடையில் பட்ட காயத்திற்கு நிறுவனம் செலவு செய்வதுண்டு என்பார்கள், செய்வதுண்டுதான். ஆனால் இருபது ஆண்டுகள் சிறுகச் சிறுகத் தேயும் முழங்காலும் கழுத்தெலும்பும் எந்த ஒரு இரவின் காயம்? நம் நகரங்களில் உணவுப்பொட்டலம் சுமந்து ஓடும் இளைஞரைப் 'பங்காளர்' என்று அழைக்கும் தந்திரமும் இதுவே. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அவர்களை மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர்கள் என்றே வரையறுக்கிறது. வெளியே என்றால் எங்கே என்று கேட்டால் விடை வராது.

"அவர்களே விரும்பி ஏற்றுக்கொண்டதுதானே, ஒரு பெண் தன் உடலை என்ன செய்வது என்று முடிவெடுக்க நீங்கள் யார்?" என்ற வினா இப்போது எழும். நியாயமான வினா. பேக்கர் பல் மருத்துவப் பட்டம் பெற்றவர். போர்டு பின்களின் மீது விழ அவரை வறுமை தள்ளவில்லை. அவருடைய துணிவையும் தேர்வையும் நான் மதிக்கிறேன். தேர்வை மதிப்பது வேறு. தேர்வு நிகழும் களத்தின் சரிவைக் காண மறுப்பது வேறு. இரண்டு மணி நேர நிகழ்ச்சியில் பெண்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு ஆட்டம் ஒதுக்கும் இடத்தில், இறுதி ஆட்டம் என்ற இருக்கை கிடைக்க என்ன விலை கேட்டாலும் கொடுக்கத் தோன்றும். போட்டி நிறுவனமான டபிள்யூடபிள்யூஇயில், 2015 பிப்ரவரியில், நான்கு பெண்கள் பங்கேற்ற ஓர் இணையாட்டம் அரை நிமிட அளவிலேயே முடித்துவைக்கப்பட்டது. இரசிகர்கள் கொதித்தெழுந்த பிறகே நிறுவனம் 'பெண்கள் புரட்சி' என்ற சொல்லைக் கண்டுபிடித்து, அதையும் விற்பனைக்கு வைத்தது. ஆண்கள் சாதாரண ஆட்டத்தால் பெறும் இடத்தைப் பெண்கள் இரத்தத்தால் பெற வேண்டியிருந்தால், அதற்குச் சமத்துவம் என்று பெயரிட நான் ஒப்பமாட்டேன்.

எது விடுதலையை நெருங்கியது என்று கேட்டால், மேடைக்கு வெளியே நடந்தவற்றையே காட்டுவேன். 1986இல் ஜெஸி வென்ச்சுரா சங்கம் அமைக்க முயன்றார். சக வீரர் ஹல்க் ஹோகனே அதை முதலாளி வின்ஸ் மக்மேனிடம் சொல்லிவிட்டார் என்பது பின்னாளில் வழக்கு விசாரணையில் வெளிவந்தது. 2008இல் ஸ்காட் லெவி உள்ளிட்ட மூவர் தாங்கள் ஊழியரே என்று நீதிமன்றம் சென்றனர், வழக்கு தள்ளுபடியாயிற்று. 2020இல், வெளித்தளங்களில் வீரர்கள் சொந்தமாகச் சம்பாதிப்பதற்கு டபிள்யூடபிள்யூஇ தடை விதித்தபோது, ஸெலினா வேகா என்ற பெண் பணிய மறுத்தார். நவம்பர் 13 அன்று, சங்கம் அமைப்பதை ஆதரிக்கிறேன் என்று ஒரே வரியில் ட்விட்டரில் எழுதினார். சற்று நேரத்தில் அவர் நிறுவனத்திலிருந்து விடுவிக்கப்பட்ட அறிவிப்பு வெளியானது. துளி இரத்தம் சிந்தப்படவில்லை. அந்த வரியின் ஆண்டு நிறைவை எவரும் கொண்டாடக் காணோம்.

2021இல் வேகா அதே நிறுவனத்துக்குத் திரும்பினார். அக்டோபரில், ரியாத் நகரில், அவர் தலையில் அரசியின் மகுடத்தைச் சூட்டினார்கள். சங்கம் இன்றுவரை அமையவில்லை.