ஏன் குறைந்தது என்று கேட்போமா?



இரத்த தானம் செய்ய ஹீமோகுளோபின் 12.5 கிராமாவது இருக்க வேண்டும். நான் பார்த்த ஒரு முகாமில், குறைவாக இருந்தவர்களை "கீரை, பேரீச்சம்பழம் சாப்பிட்டுட்டு அடுத்த வருஷம் வாப்பா" என்று அனுப்பிவிட்டார்கள். ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை. என் ஆதங்கம் அதுதான்.

இரத்த சோகை என்றாலே இரும்புச் சத்துக் குறைவு என்கிறோம். பெரும்பாலும் சரிதான். ஆனால் மெக்கானிக்கல் மாணவனாகக் கேட்கிறேன்: ஸ்டோரில் இரும்பு இருந்தால் மட்டும் ஜாப் முடிந்துவிடுமா? டூல் வேண்டாமா? சிவப்பணு உருவாக ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி12-ம் அப்படிப்பட்ட டூல்கள். அவை இல்லாவிட்டால் செல் சரியாகப் பிரியாமல் பெருத்துவிடும், எண்ணிக்கை குறையும்.

இதைக் கண்டறிந்த கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 1928-ல் பம்பாய் வந்த டாக்டர் லூசி வில்ஸ், துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்தார். 1929-ல் நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்ததும் நோயாளிகள் தேறினார்கள். அந்தச் சத்துதான் ஃபோலிக் அமிலம். 1941-ல் அதைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள்.

ஆனால் பி12 கீரையில் கிடையாது; பால், முட்டை, மீன், கறியில்தான் உண்டு. எங்க நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போகும் அம்மாக்கள், முட்டையைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு "எனக்கு ரசஞ்சோறு போதும்" என்பார்கள். எங்க அம்மாவும் அப்படித்தான். பி12 குறைந்தவர் ஃபோலிக் மாத்திரை மட்டும் விழுங்கினால், இரத்தம் தேறியதுபோல் காட்டும். நரம்பு பாதிப்போ உள்ளுக்குள் தொடரும். கை கால் மரத்துப் போவது அதன் அறிகுறி.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்த சோகை. இது அடுத்த வீட்டுச் சங்கதி இல்லை.

ஆகவே மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முகாமில் திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொருவர் கையிலும் ஹீமோகுளோபின் அளவை எழுதிய சீட்டு ஒன்று கொடுப்போம். அதோடு அரசு மருத்துவமனைக்குப் போய், சிவப்பணுவின் பருமனையும் பார்க்கச் சொல்வோம். சிறுத்திருந்தால் இரும்பு, பெருத்திருந்தால் வைட்டமின் என்று டாக்டர் மேற்கொண்டு ஆராய வழி கிடைக்கும்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். ரீடிங் குறைந்தால் பழுது எங்கே என்று தேடத்தானே டிப்ளமோ படிக்கிறோம்? மெஷினுக்குச் செய்வதை அம்மாவுக்கும் செய்வோம்!