மேல் அறையில் ஒரு கொக்கி

இந்த வாரம் வந்த கடிதங்களில் ஒன்றைப் படித்தபோது எனக்கே சற்று வருத்தமாக இருந்தது. எழுதியவர் ஒரு மருமகள். அடிக்கடி தலைசுற்றி விழுந்துகொண்டிருந்த மாமியாருக்குப் 'பேஸ்மேக்கர்' வைத்து வீட்டுக்கு அனுப்பினார்களாம். பத்தாம் நாள் மறுபடியும் களைப்பு, கிறுகிறுப்பு. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், "மேல் அறை ஒயர் இடம் விட்டு நகர்ந்திருக்கிறது" என்று சொல்லி, இன்னொரு முறை சரி செய்தாராம். "கொடியில் துணி எடுக்கக் கையைத் தூக்கினதுதான் காரணம், நீ எங்கே போயிருந்தாய் என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். குற்றம் என்னுடையதா?" என்கிறார்.

சகோதரி, தீர்ப்புக்கு முன் அந்த ஒயரின் கதையைக் கேளுங்கள்.

பேஸ்மேக்கர் என்றதும் எல்லோரும் பெட்டியைத்தான் நினைக்கிறோம். பெட்டி பரம சாது. தோள்பட்டைக்குக் கீழே தோலுக்கடியில் படுத்துக் கிடக்கும். கஷ்டமெல்லாம் அதிலிருந்து ரத்தக் குழாய் வழியே இருதயத்துக்குள் இறங்கும் ஒயருக்குத்தான். 1958-ல் நியூயார்க் மாண்டிஃபியோர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸெய்மோர் ஃபர்மன் இப்படி ஒயரைச் செலுத்திக் காட்டினார். அவர் வைத்தியம் பார்த்த ஒருவர், சுவரிலிருந்து மின்சாரம் எடுக்கும் யந்திரத்தைத் தள்ளிக்கொண்டு, நீளமான ஒயர் பின்னால் இழுபட, தாழ்வாரத்தில் நடை பழகினாராம்!

அந்த ஒயர் போனது கீழ் அறைக்கு. அங்கே சுவர் தடிப்பு. உள்ளே தசைநார்கள் வேர் மாதிரி பின்னிக் கிடக்கும். ஒயர் நுனி இடுக்கில் மாட்டிக்கொள்ளும். ஆனால் இருதயம் துடிப்பது மேலிருந்து கீழாக. மேல் அறை முதலில் சுருங்கிக் கீழ் அறையை நிரப்ப வேண்டும். கீழ் அறையை மட்டும் தட்டி எழுப்பினால் சிலருக்கு இரண்டும் தாளம் தப்பிப் போகின்றன. மூடிய கதவில் மோதிய ரத்தம் கழுத்துப் பக்கம் திரும்புகிறது. கழுத்தில் 'திக் திக்', மயக்கம், சோர்வு. ஆகவே மேல் அறைக்கும் ஒயர் வேண்டியிருக்கிறது.

அங்கேதான் தொல்லை. மேல் அறைச் சுவர் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். பெரும்பகுதி வழவழப்பு. பிடிமானம் எங்கே? அறையின் முன்புறம், மேலே, காது மடல் போல ஒரு சின்னப் பை இருக்கிறது. அதற்குள் தசைகள் சீப்பின் பற்களைப் போல வரிசையாக நிற்கின்றன. ஒயரோ மேலிருந்து கீழே இறங்குகிறது. பையின் வாயை எட்ட மறுபடி மேல் நோக்கித் திரும்ப வேண்டும். அதனால் நுனியைத் தூண்டில் முள் போல வளைத்தே செய்தார்கள். உள்ளே ஒரு நேர்க்கம்பியைச் செருகினால் வளைவு நிமிரும். அறைக்குள் போனதும் கம்பியை உருவினால் நுனி தானே மேலே சுருண்டு பைக்குள் மாட்டிக்கொள்ளும். இதை யோசித்த மூளையை மெச்சத்தான் வேண்டும். எக்ஸ்ரே திரையில் நுனி ஒவ்வொரு துடிப்புக்கும் நாய்க்குட்டி வால் போல ஆடினால் டாக்டருக்குத் திருப்தி.

முன்பு இருதய ஆபரேஷன் ஆனவர்களுக்கு அந்தப் பை சிதைந்திருக்கலாம். அவர்களுக்கு நுனியில் இரண்டு மில்லிமீட்டர் அளவில் திருகாணி உள்ள ஒயர். இப்போது மற்றவர்களுக்கும் இதையே அதிகம் வைக்கிறார்கள். குத்திய இடம் புண்ணாகாதிருக்க நுனியிலேயே துளி ஸ்டீராய்டு மருந்தும் உண்டு.

வளைவு ஒன்றும் விளையாட்டல்ல. நாளொன்றுக்கு ஒரு லட்சம் தடவை அது அசைகிறது. டெலக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் 'அக்யூஃபிக்ஸ்' என்ற ஒயரில், வளைவைக் காப்பாற்ற உள்ளே ஒரு மெல்லிய கம்பி வைத்திருந்தார்கள். அது முறிந்து, உறையைக் கிழித்து, இருதயத்தையே குத்தியது. உயிர்கள் போயின. 1994-ல் விற்பனையை நிறுத்தினார்கள். அதற்குள் 40,000 பேருக்கு மேல் வைத்தாகிவிட்டது! ஒயரை உருவி எடுப்பதிலும் உயிருக்கு ஆபத்து இருந்ததால், பலரை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபடியே விட்டுவைக்க நேர்ந்தது.

இன்னொரு நுட்பம். ரவிக்கையின் கைக்குழியில் கொஞ்சம் தளர்ச்சி விட்டுத் தைக்கிறோமல்லவா? ஒயருக்கும் அப்படியே. மூச்சை ஆழ இழுத்தால் இருதயம் கீழே இறங்குகிறது. தளர்ச்சி போதாவிட்டால் கொக்கி நிமிர்ந்து விடுபடும். அதிகமானால் கீழ் அறைப் பக்கம் சரியும். நுனியைச் சுற்றி நார்த்திசு வளர்ந்து பிடித்துக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மேல் அறை ஒயர் கீழ் அறை ஒயரைவிட எளிதில் நகரும். தேர்ந்த கைகள் வைத்ததும் நகர்வதுண்டு. கட்டிலை விட்டு அசையாதவருக்கும் நகர்வதுண்டு. துணி எடுத்ததுதான் காரணம் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டாரிடம் காட்டுங்கள்.

டாக்டர் சொன்ன வாரங்கள் வரை அந்தக் கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டாம். கொடியைத் தாழக் கட்டுங்கள்; தலையை நீங்களே பின்னிவிடுங்கள். அதற்காகக் கையைத் தூளியில் போட்டு முடக்கியும் வைக்காதீர்கள். தோள் இறுகிப் போகும். மயக்கம் வந்தாலோ, விடாத விக்கல் எடுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மிக்ஸி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மிக்ஸி, கிரைண்டர், டி.வி. எல்லாம் தாராளமாக உபயோகிக்கலாம். இண்டக்ஷன் அடுப்பிலிருந்து மட்டும் இரண்டடி தள்ளி நிற்கட்டும். செல்போனை அந்தப் பக்கத்து ரவிக்கைக்குள் செருகிக்கொள்ளும் வழக்கம் உங்கள் மாமியாருக்கு உண்டானால், அதை நிறுத்தச் சொல்லுங்கள்.