நம் வீட்டுப் பூந்தோட்டம்: மல்லிகை உறங்கும் மாதங்கள்

பள்ளிப் புத்தகங்கள் இப்பருவத்தை ‘இலையுதிர் காலம்’ என்கின்றன. தில்லிக்கு அப்பெயர் பொருந்தாது. இங்கே வேம்பும் அரசும் இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில்தான். நம் முன்னோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றனர். அது மழையும் வாடையும் கூடிய தமிழகத்துப் பருவம். சென்னையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அந்நாட்களில் தில்லி வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் 25-ஐ ஒட்டி இங்கிருந்து விடைபெற்றுவிடுகிறது. ஆகவே ஊரில் பழகிய கணக்கைக் கொண்டு இங்கே தோட்டம் போடுவோர்க்கு ஏமாற்றமே மிஞ்சும்.

அவ்வேமாற்றத்திற்கு முதலில் பலியாவது மல்லிகை. சித்திரை முதல் ஆவணி வரை கை நிறையப் பூத்த செடி, ஐப்பசியில் அரும்பு விடுவதை நிறுத்துகிறது. கார்த்திகையில் இலை பழுக்கிறது. செடி பட்டுவிட்டதென்று எண்ணி ஆண்டுதோறும் நம்மவர் பலர் அதைப் பிடுங்கி எறிகின்றனர். அன்பர்கள் அவசரப்படலாகாது. தண்டின் பட்டையை நகத்தால் சிறிது சுரண்டிப் பார்க்கவும். உள்ளே பச்சை தெரிந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது. குளிருக்கு அஞ்சி உறங்குகிறது, அவ்வளவே. உறங்கும் செடிக்கு நாள்தோறும் நீர் ஊற்றினால்தான் வேர் அழுகும். மேல்மண் ஓரங்குலம் காய்ந்த பிறகே நீர் விடவேண்டும், எருவும் வேண்டா. ஜனவரிக் கடைசியில் கிளைகளைக் கவாத்துச் செய்தால், வெயில் ஏறும்போது புதுத் தளிரும் அரும்பும் வரும்.

மல்லிகை ஓயும் வேளையில் சாமந்தி எழுகிறது. இது இரவு நீளும்போது மொட்டு வைக்கும் இனம். பகலிரவின் அளவுக்கேற்பச் செடிகள் பூப்பதை அமெரிக்க விஞ்ஞானிகள் கார்னர், அல்லார்டு இருவரும் 1920-இல் விளக்கினர். டிசம்பரில் தில்லியின் மிகக் குறுகிய பகல் சுமார் 10 மணி 20 நிமிடம். சென்னையிலோ அதைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதல். இதனால் ஒரு எச்சரிக்கை: தெருவிளக்கோ வராந்தா விளக்கோ இரவெல்லாம் படும் இடத்தில் வைத்த சாமந்தித் தொட்டி, மொட்டு வைக்கத் தாமதிக்கும். இருட்டான மூலையில் வைத்த தொட்டி முந்திப் பூக்கும். இரண்டையும் அருகருகே நாம் கண்டிருக்கிறோம். இப்போது நுனி கிள்ளுவதை அறவே நிறுத்தி, தண்டுக்குக் குச்சி நட்டுக் கட்டவேண்டும்.

பவழமல்லிக்கும் இதுவே காலம். அந்தியில் மலர்ந்து விடியலில் உதிரும். மற்றப் பூக்களை உதிர்ந்தபின் பூசைக்குக் கொள்ளாத நாம், இதை மட்டும் தரையிலிருந்து பொறுக்கியே சாத்துகிறோம். மாலையிலேயே மரத்தடியில் தூய துணி விரித்துவைத்தால் மண் படாது. இதன் செம்மஞ்சள் காம்பிலிருந்து முற்காலத்தில் பட்டுக்குச் சாயம் ஏற்றினர். வங்காளத்தில் ‘சியூலி’ என்னும் இப்பூவே துர்க்கா பூஜையின் வரவைச் சொல்லும். மேற்கு வங்கத்தின் மாநில மலரும் இதுவே. தலையில் சூட டிசம்பர் பூவும் இப்பருவத்தில் கைகொடுக்கும்.

நர்சரிக்குச் செல்வோர் இப்பெயர்களை நினைவிற் கொள்க: மல்லிகை இங்கே ‘மோக்ரா’ அல்லது ‘பேலா’, சாமந்தி ‘குல்தாவுதி’, துலுக்கச் சாமந்தி ‘கேந்தா’, பவழமல்லி ‘ஹர்சிங்கார்’. பெயர் மாறிப் போனால் கேட்டது ஒன்று, கிடைப்பது ஒன்றாகும்.

ஊரில் மழைக்கு அஞ்சி விதைக்காத இந்நாட்கள், இங்கே விதைப்புக்கு உகந்தவை. பெட்டூனியா, பிளாக்ஸ், காலண்டுலா ஆகியவற்றை அக்டோபரில் நாற்றுவிட்டால் பிப்ரவரி, மார்ச்சில் தோட்டம் நிறையும். அவை வாடத் தொடங்கும்போது உறங்கிய மல்லிகை விழித்துக்கொள்ளும். இங்கும் பூவில்லாத மாதம் என்று ஒன்றில்லை. ஒவ்வொரு பூவுக்கும் அதன் முறை வரும்வரை காத்திருக்கும் பொறுமையே வேண்டும்.

மார்கழிப் பனியிலிருந்து தொட்டிச் செடிகளைக் காப்பது பற்றி அடுத்த இதழில் எழுதுவோம்.