சீமான் காருக்கு வெளிச்சம்; உழைப்பாளி கண்ணுக்கு இருட்டு!

இரவு ஷிப்டு முடிந்து ஆலை வாசலை விட்டு வெளியே வருகிறோம். எட்டு மணி நேரம் பஞ்சுத் தூசியில் நின்ற கால்கள். வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று சைக்கிளை மிதித்துத் தார்ச் சாலையில் ஏறுகிறோம். எதிரே ஏதோ வருகிறது. காரா, ஜீப்பா என்றுகூடத் தெரியவில்லை. நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சம் மட்டும் முகத்தில் அறைகிறது. கையால் கண்ணை மறைத்துக்கொள்கிறோம். கார் போய்விடுகிறது. ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது! சாலையின் ஓரம் எது, பள்ளம் எது, முன்னால் நடந்து போகிற மனிதன் எங்கே, ஒன்றும் தெரியவில்லை. சில விநாடிகள் நாம் குருடர்கள்.

விடியற்காலை நாலு மணிக்கு நடவுக்குப் புறப்படும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். சாலையோரத்தில் வரிசையாக நடக்கிறார்கள். நடைபாதை கிடையாது, தெருவிளக்கு கிடையாது. இதே வெளிச்சம் அவர்களையும் சாலையை விட்டுக் கீழே தள்ளுகிறது. வாய்க்கால் பக்கம் காலை வைக்கிறார்கள். அங்கே பாம்பு இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்?

இது சின்ன விஷயம் என்று சிலர் சொல்லலாம். கூலியும் போனசும் இருக்கும்போது கார் விளக்கைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். நாம் சொல்கிறோம்: வேலைக்குப் போகிறவன் உயிரோடு வீடு திரும்புவதும் தொழிலாளர் பிரச்னைதான்!

வெளிச்சம் வந்த வழி

இந்த விளக்குகளில் பெரும்பாலானவை கார் கம்பெனி பொருத்தி அனுப்பியவை அல்ல. கடைத்தெருவில் தனியாக வாங்கி மாட்டியவை. 'ஜெனான் கிட்' என்றும் 'எச்.ஐ.டி. கிட்' என்றும் விற்கிறார்கள். இப்போது 'எல்.இ.டி. கிட்' அந்த இடத்தைப் பிடித்து வருகிறது. பெயர் மாறுகிறது, கூச்சம் மாறவில்லை.

இதன் சூட்சுமம் என்ன? சாதாரண ஹாலஜன் பல்பில் மெல்லிய இழை ஒன்று சூடேறி எரிகிறது. ஜெனான் பல்பில் இழையே கிடையாது. குவார்ட்ஸ் குப்பிக்குள் ஜெனான் வாயுவை அடைத்து, இரண்டு முனைகளுக்கு இடையே மின்பொறியைப் பாயவிடுகிறார்கள். வெல்டிங் பட்டறையில் பார்க்கிறோமே, அதே ஜாதிப் பொறிதான். அதைப் பற்றவைக்க 20,000 வோல்ட்டுக்கும் மேலான ஒரு துடிப்பு வேண்டும். டியூப் லைட்டுக்குச் சோக்கு மாதிரி இதற்கு ஒரு பெட்டி உண்டு. அதுதான் அந்த வேலையைச் செய்கிறது.

வெளிச்சத்தை லூமென் என்ற அளவால் அளக்கிறார்கள். நம் ஊர் வண்டிகளில் நிறைய இருக்கும் எச்-4 ஹாலஜன் பல்பு, டிம்மில் ஏறத்தாழ 1,000 லூமென் தருகிறது. கார் கம்பெனிகள் பொருத்தும் 35 வாட் ஜெனான் பல்பு ஏறத்தாழ 3,200 லூமென் தருகிறது. குறைந்த மின்சாரத்தில் மூன்று மடங்கு வெளிச்சம்! விஞ்ஞானத்தின் சாதனைதான். விஞ்ஞானத்தோடு நமக்குச் சண்டை இல்லை. விஞ்ஞானத்தில் பாதியை மட்டும் விற்றுக் காசாக்கும் வியாபாரத்தோடுதான் சண்டை.

பாதியை விற்ற கதை

1991ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி தன் 7ஆம் வரிசைக் காரில் இந்த விளக்கைக் கொண்டுவந்தது. இதற்காக ஐரோப்பாவில் எழுதப்பட்ட விதிகள் என்ன சொல்கின்றன? வெறும் பல்பை மாட்டினால் போதாது. அந்தப் பல்புக்கென்றே கணக்குப் போட்டுச் செய்த விளக்குக் கூடு வேண்டும். 2,000 லூமெனுக்கு மேற்பட்ட பல்பானால், பின் இருக்கையில் பாரம் ஏறி வண்டியின் மூக்கு நிமிரும்போது விளக்கைத் தானாகவே தாழ்த்தும் கருவி வேண்டும். கண்ணாடியில் படியும் சேற்றைக் கழுவும் கருவியும் வேண்டும். சேறு படிந்த கண்ணாடி வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிக்கும் அல்லவா?

கடைத்தெருக் கிட்டில் இவற்றில் எது இருக்கிறது? பல்பு இருக்கிறது; சோக்குப் பெட்டி இருக்கிறது; ஒயர் இருக்கிறது. மற்றது எதுவும் இல்லை!

மெக்கானிக்குகள் 'டூம்' என்று சொல்லும் ஹாலஜன் கூடு, இழை இருக்கும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டது. எச்-4 பல்பின் டிம் இழைக்கு அடியில் ஒரு சின்னத் தகட்டு மறைப்பு உண்டு. எதிரே வருகிறவன் கண்ணுக்கு ஏறும் வெளிச்சத்தை அந்தத் தகடுதான் தடுக்கிறது. அந்தக் கூட்டுக்குள் ஜெனான் பல்பைத் திணித்தால் என்ன ஆகும்? பொறியின் வடிவம் வேறு. அது நிற்கும் இடம் வேறு. கூட்டின் கணக்கு முழுவதும் தவறுகிறது. சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் மேலே கிளம்பி நம் முகத்துக்கு வருகிறது.

'டிம் அடிப்பது' என்று ஒரு சாலை மரியாதை உண்டு. எதிரே வண்டி வந்தால் லாரி டிரைவர் டிம் அடிப்பார். இந்தக் கிட்டை மாட்டிய கார்க்காரர் டிம் அடித்தாலும் கண் கூசுகிறது. மரியாதை காட்ட நினைத்தாலும் காட்ட முடியாது!

வேடிக்கை இன்னும் இருக்கிறது. வாங்கியவரும் ஏமாந்துதான் போகிறார். காருக்கு முன்னால் கொஞ்ச தூரம் பட்டப்பகல் மாதிரி தெரிகிறது. அதைப் பார்த்துக் கண்ணின் பாவை சுருங்கிவிடுகிறது. தொலைவில் இருப்பது முன்பைவிட மங்கலாகத் தெரிகிறது. '6,000 கெல்வின்', '8,000 கெல்வின்' என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போடுகிறார்களே, அது வெளிச்சத்தின் அளவு அல்ல, நிறம். ஜெனான் பல்பில் அந்த எண் ஏறினால் நீலம் கூடும், வெளிச்சம் குறையும். வெளிச்சம் குறைந்த பல்பை உயர்ந்த சரக்கு என்று விற்கும் சாமர்த்தியத்தைப் பாருங்கள்!

கணக்கு சொல்லும் சாட்சி

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. கூச்சத்தில் டிரைவர் 3 விநாடி பார்வை இழந்தால், 50 மீட்டர் தூரத்துக்கு வண்டியைக் கண்ணில்லாமல் ஓட்டுகிறார். அந்த 50 மீட்டரில் எத்தனை பேர் நடந்து போகிறார்கள்? எத்தனை சைக்கிள் போகிறது? வயது ஏற ஏறக் கண்ணுக்குக் கூச்சம் அதிகம். முப்பது வருஷம் ஆலையில் உழைத்த தொழிலாளியின் கண் அந்தக் கார்க்காரர் வீட்டு இளைஞனின் கண்ணைப் போல் உடனே தேறிவிடாது.

மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து அமைச்சகமே கணக்கு வெளியிட்டிருக்கிறது. 2022ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் 100க்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டிகளில் போனவர்கள். 100க்கு 19 பேருக்கு மேல் நடந்து போனவர்கள். அதே வருஷம் தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துக்கள், 17,884 சாவுகள். இத்தனைக்கும் கூசும் விளக்குதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சாலையில் சாகிறவன் யார் என்பதை இந்தக் கணக்கு சொல்கிறது. இரும்புக் கூட்டுக்கும் காற்றுப் பைக்கும் வெளியே இருப்பவன்தான் முதலில் சாகிறான். அவன் கண்ணிலேயே மண்ணைத் தூவுவது என்ன நியாயம்?

சட்டம் தூங்குகிறதா?

சட்டம் இல்லை என்று யாரும் தப்பிக்க முடியாது. 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதியைப் பாருங்கள். முன்விளக்கின் ஒளி நிரந்தரமாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும், அல்லது டிரைவர் நினைத்தபோது கீழே தாழ்த்தக்கூடியதாக இருக்க வேண்டும். 8 மீட்டர் முன்னால், வண்டிக்கு வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யக்கூடாது என்று அது சொல்கிறது. ஒன்றரை மீட்டர்! சைக்கிளில் வரும் தொழிலாளியின் கண்ணும், தூக்குச் சட்டியோடு நடந்து வரும் பெண்ணின் கண்ணும் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. நமக்காகவே எழுதிய விதி மாதிரி இருக்கிறது. எழுதியதோடு சரி!

கம்பெனி செய்தபடி இல்லாமல் வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை வலியுறுத்தித் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் பார்லிமெண்டு நிறைவேற்றிய திருத்தம் 182-ஏ என்ற பிரிவை மாற்றி எழுதியது. அனுமதியில்லாத சாமானை மாட்டி வண்டியை மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று அது எழுதி வைத்தது.

பிறகு ஏன் தினமும் கண் கூசுகிறது? விடை எளிது. லாரிக்கும், பஸ்ஸுக்கும், வாடகை ஆட்டோவுக்கும் எப்.சி. உண்டு. முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், பிறகு வருஷா வருஷமும் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வயிற்றுப் பிழைப்புக்கு ஆட்டோ ஓட்டுகிறவன் ஒரு நாள் வருமானத்தை இழந்து வரிசையில் நிற்கிறான். சீமான் வீட்டுச் சொந்தக் காருக்கோ, பதிவைப் புதுப்பிக்க 15 வருஷம் ஆகும் வரையில் இப்படி ஒரு சோதனை கிடையாது! 15 வருஷம் அவர் எந்த விளக்கை மாட்டினாலும் கேட்பார் இல்லை.

பிரிட்டனைப் பாருங்கள். அது நம் கட்சி ஆளும் நாடு அல்ல, முதலாளித்துவ நாடுதான். அங்கே சொந்தக் காருக்கும் வருஷாந்திரச் சோதனை உண்டு. ஹாலஜன் கூட்டில் ஜெனான் பல்பைத் திணித்த காரைத் தேறவிடக் கூடாது என்று 2021 முதல் சோதனைக்காரர்களுக்கு உத்தரவு இருக்கிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியவில்லை? இங்கே சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தால் நாலு வண்டியின் விளக்கில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். வாரம் முடிந்தால் வேலையும் முடிந்தது!

சாக்குகளும் பதில்களும்

"சாலை இருட்டாக இருக்கிறது, நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். சாலை இருட்டுத்தான். அந்த இருட்டில் தினமும் நடக்கிற நமக்கு அது தெரியாதா? தெருவிளக்குக் கேட்டுப் போராட வாருங்கள், சேர்ந்து கேட்போம். மங்கிப்போன கண்ணாடியைத் துடையுங்கள். பழைய ஒயரை மாற்றுங்கள். விளக்கின் உயரத்தைச் சரி செய்யுங்கள். அதை விட்டு, தன் வழிக்கு வெளிச்சம் போட அடுத்தவன் கண்ணைப் பிடுங்கலாமா?

"வண்டி எங்களுடையது, எங்கள் இஷ்டம்" என்கிறார்கள். வண்டி உம்முடையது. சாலை உம்முடையது அல்ல. எங்கள் கண்ணும் உம்முடையது அல்ல!

"மாட்டிக் கொடுப்பது மெக்கானிக் பையன்தானே" என்று பழியைக் கீழே தள்ளுகிறார்கள். மெக்கானிக் நம் சகோதரன். நாள் கூலிக்கு ஸ்குரூ டிரைவர் பிடிக்கிறவன். அவனிடம் நமக்குப் பகை இல்லை. பல கைப்பட்ட வண்டியில் முதலாளி மாட்டிவைத்த விளக்கோடு ஓட்டுகிற டிரைவரும் நம் சகோதரன்தான். பெட்டி பெட்டியாக இறக்குமதி செய்து லாபம் குவிக்கிற மொத்த வியாபாரி எங்கே? அவனுடைய கிடங்குக்கு ஏன் எந்த அதிகாரியும் போவதில்லை? மாட்டியவனுக்கு அபராதம் என்று எழுதத் தெரிந்த சர்க்காருக்கு, விற்பவன் கதவைத் தட்டத் தெரியாதா?

கார் கம்பெனிகளும் சுத்தமானவை அல்ல. ஒரே காரில் விலை குறைந்த ரகத்துக்குச் சாதாரண விளக்கு, விலை உயர்ந்த ரகத்துக்கு நல்ல விளக்கு என்று பிரித்து விற்கிறார்கள். நல்ல பார்வையை ஆடம்பரச் சாமானாக்கிவிட்டார்கள். கடன் வாங்கிச் சின்னக் கார் எடுத்த குமாஸ்தாவைக் கிட் வியாபாரியின் கடைக்கு அனுப்புவதே அந்த வியாபார முறைதான்!

நாம் கோருவது

ஹாலஜன் கூட்டில் மாட்டும் ஜெனான், எல்.இ.டி. கிட்டுகளின் இறக்குமதியையும் விற்பனையையும் நிறுத்த வேண்டும். மொத்த வியாபாரி முதலில் பிடிபட வேண்டும்.

சொந்தக் கார்களுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை விளக்குச் சோதனை வேண்டும்.

ஆலை வாசலிலிருந்து குடியிருப்பு வரையிலும், கிராமத்திலிருந்து பிரதான சாலை வரையிலும் தெருவிளக்கும் நடைபாதையும் வேண்டும்.

எல்லா ரகக் காருக்கும் ஒழுங்கான விளக்கைக் கம்பெனியே பொருத்த வேண்டும்.

கோரிவிட்டுச் சும்மா இருப்பதா? கூடாது. ஆலையில் ஓடும் கம்பெனி பஸ், வேன், மானேஜர் கார் எல்லாவற்றின் விளக்கையும் சோதிக்கும்படி யூனியன் நிர்வாகத்தைக் கேட்கட்டும். டிரைவர் தோழர்கள் தங்கள் வண்டியைத் தாங்களே சோதிக்கலாம். சம தரையில் ஒரு சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்கட்டியால் குறியுங்கள். டிம்மில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். விளிம்பே தெரியாமல் சுவர் முழுவதும் வெளுத்தால், அந்த விளக்கு அடுத்தவன் கண்ணுக்கு எமன். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் 106ஆம் விதியைக் காட்டி ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு மகஜர் கொடுக்கட்டும். கையெழுத்து நூறு போதாது, ஆயிரம் வேண்டும்.

நாட்டுக்குத் துணி நூற்பவனும் சோறு விளைவிப்பவளும் சாலையோரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்க, சீமானின் கார் பறந்து போகிறது. கண்ணை மூடிக்கொண்டு நின்றது போதும், தோழர்களே! கண்ணைத் திறப்போம், சேர்ந்து கேட்போம், கிடைக்கும் வரை விடமாட்டோம்!